பெண்வீட்டில் நான் விளக்கிய மஸ்கட் திராட்சை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கந்தப்பளையில் இன்று மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், என் வாயால் சம்பந்தமே கவிழப் பார்த்தது.

“அப்பா, அங்க வந்து எதையும் விளக்காதீங்க” என்று மகன் பஸ்ஸிலேயே கெஞ்சினான்.

மேசையில் ஒரு வைன் போத்தல். லேபிளில் ‘மஸ்கட்’. விடுவேனா? பெண்ணின் அப்பா ஊற்றித் தந்ததில் ஒரு மிடறு உறிஞ்சிக் கண்ணை மூடினேன்.

“இது மஸ்கட் திராட்சைங்க. மஸ்கட் நகரத்துல விளைஞ்சதால அந்தப் பேரு.”

“அங்க வருஷக்கணக்கா வீட்டு வேலை செஞ்சேங்கண்ணே. பேரீச்சம்பழந்தான் பார்த்தேன்” என்றார் பெண்ணின் அம்மா.

பெண் போனைத் தட்டினாள். “பேரு எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியலையாம் மாமா. ஊரு பேருங்கிறாங்க, கஸ்தூரி வாசங்கிறாங்க. லத்தீன்ல ஈயோட பேருன்னும் சொல்றாங்க. இனிப்புக்கு ஈ மொய்க்கும்ல?”

“கஸ்தூரியேதான்! இந்தா, மணக்குதே!” என்று கட்சி மாறினேன். மகன் தலையில் கை வைத்தான்.

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “இந்த வீட்டுக்கே போறேம்மா. டீவியே தேவையில்ல.”

சம்பந்தம் பேசி முடிவானது. என் வைன் ஞானத்தின் வெற்றிதானே இது? நீங்களே சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் சம்பந்தி போன் செய்தார். “சபையில சொன்னா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு விட்டுட்டேங்க. போத்தல் மட்டுந்தான் வைனு. உள்ள இருந்தது எங்க வீட்ல போட்ட நெல்லிச்சாறு.”