பக்கத்து வீட்டு அக்கா பிடித்த டேப்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளி சீசன் நேரம். சிவகாசி பக்கத்துல நாரணாபுரத்துல ஒரு பட்டாசு ஆலையில வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். கல்யாணமாகி வந்ததுலேருந்து நாங்க குடியிருக்கிற வீட்டுக்குப் பட்டா கிடையாது. வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் கட்டுறோம். ஆனா இடம் எங்களோடதுன்னு அரசாங்கம் எழுதிக் கொடுக்கணுமே. மனு கொடுத்துட்டு, அளக்க எப்போ வருவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து யாருக்குன்னு சண்டை. நான் வாசல் தெளிச்சா, ஆட்டைத் திட்டுற சாக்குல என்னைத் திட்டுவாங்க. நானும் லேசுப்பட்டவ இல்லை. பாத்திரத்தை ணங்குன்னு வைப்பேன்.

ஆலைக்குள்ள செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்லயே கொடுத்துடணும். அன்னைக்கு வேலை முடிஞ்சு போனை வாங்கிப் பார்த்தா, தெரியாத நம்பர்லேருந்து பல தடவை கூப்பிட்டிருக்காங்க. திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தது வி.ஏ.ஓ. ஆபீஸ் தலையாரி.

"சர்வேயர் வந்து அளந்துட்டுப் போயாச்சும்மா."

என் வீட்டுக்காரர் லாரியில லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடக்கு. அங்கன இருந்தது அந்த அக்கா மட்டும்தான். சந்து போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

"யாருங்க இடத்தைக் காட்டினது?"

"பக்கத்து வீட்டு அம்மாதான். ஆளில்லைன்னு எழுதிட்டுக் கிளம்பப் பார்த்தோம், விடலையே. 'அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருக்கு, நான் கையெழுத்துப் போடுறேன், அளங்க'ன்னு டேப்போட ஒரு முனையை அவுகளே பிடிச்சுக்கிட்டாக. சந்தும் உங்க இடம்னுதான் சொன்னாக."

கம்பெனி வேன்ல வர்ற வழியெல்லாம் எனக்கு அழுகை. இறங்கி நேரா அவங்க வாசல்ல போய் நின்னேன்.

"சந்து எங்களுதுன்னு தெரிஞ்சேவா அக்கா இம்புட்டு நாளும் சண்டை போட்டீக?"

"நீ மட்டும் கொஞ்சமாவா பேசுன? அது நமக்குள்ள. அதுக்காக ஆபீசர்ககிட்ட பொய் சொல்லச் சொல்றியா?" சொல்லிக்கிட்டே கதவை அகலமாத் திறந்தாங்க. "வேலை முடிஞ்சு அப்படியே வந்துட்டியா? சாப்பிடு வா."

அன்னைக்குத்தான் முதல் தடவையா அவங்க வீட்டுல சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு தட்டை எடுக்கவே விடலை.

கொஞ்ச மாசத்துல பட்டா என் பேர்லயே வந்துச்சு. சாமி படத்துக்கு முன்னால வைக்கிறதுக்கு முன்னாடி, அக்கா கையில கொடுத்து வாங்கினேன். என்மேல கோபமா இருந்த ஒருத்தங்க, நான் இல்லாத இடத்துல எனக்காக நின்னாங்களே, அந்த மனசு எனக்கும் வரணும்னு இன்னைக்கும் வேண்டிக்கிறேன்.