ஹென்க் கேட்ட கேள்வி

பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா எழுந்து போயிடுற ஆளு சார் நான். பதினோரு வருஷம் கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவன், காதுல விழுற ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் தேடியே பழகிப்போச்சு. இதுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் காரணம் கிடைக்கல. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நடுவுல சிரிக்காம கேளுங்க, போதும்.

தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு இருக்கும். நியூ ஜெர்சில பிளெய்ன்ஸ்பரோ. சேட்டிலைட் வந்ததும் கப்பல்ல என்னை மாதிரி மோர்ஸ், அதான் தந்தி பாஷை, தட்டற ஆளுங்களுக்கு வேலை போச்சு. என் வொய்ஃபுக்கு அங்க சாஃப்ட்வேர் வேலை, நான் டிபெண்டென்ட் விசால வீட்ல சும்மா. கீழ் அபார்ட்மென்ட்ல ஒரு டச்சுக்கார அம்மா, கோரின்னு பேரு, எழுபத்தஞ்சு வயசு, தனி ஆளு. நான் ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவேன். எனக்கு மோர்ஸ் தெரியும்னு சொன்ன அன்னிக்கே ஒட்டிக்கிட்டாங்க. ஏன்னா உலக யுத்தத்துல, ஜெர்மன்காரன் பிடிச்சு வெச்சிருந்த ஹாலந்துல ஒளிஞ்சிருந்து, லண்டனுக்கு ரேடியோல செய்தி அனுப்பினவங்க அவங்க.

அவங்க அண்ணன் ஹென்க்குக்கும் அதே வேலை, பக்கத்து ஊர்ல. ஒரு நாள் அண்ணன் தட்டறதை இவங்க செட்ல கேட்டுட்டு இருக்கும்போது, ரேடியோ எங்கிருந்து பேசுதுன்னு தேடற ஜெர்மன் வேன் அந்த ஊர்ப் பக்கமா போறது ஜன்னல்ல தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை தட்டி எச்சரிக்கலாம், ஆனா தட்டினா இவங்களும் மாட்டுவாங்க. பயத்துல சும்மா இருந்துட்டாங்க. அண்ணன் திரும்பி வரவே இல்ல. இதைச் சொன்னப்போ அவங்க அழக்கூட இல்ல சார், என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க.

அந்த வருஷம் பெரிய ஸ்னோ. மத்தியானம் ரெண்டு மணிக்கு, பால் இருக்கான்னு கேட்கலாம்னு கீழ போனா, ஆன்ட்டி கிச்சன் தரையில கிடக்காங்க. வாய் கோணிப்போச்சு, ரெண்டு கையிலயும் அசைவே இல்ல. 911-க்கு அடிச்சா, ரோடெல்லாம் மூடியிருக்கு, ஆம்புலன்ஸ் லேட்டாகும்கிறான். நான் தரையில உட்கார்ந்து அவங்க கை ரெண்டையும் பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

அப்பதான் சுவரோரமா போற ஹீட்டர் பைப்புல சத்தம். சூட்டுல பைப் விரியுதுன்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல என் காது தானா எழுத்து படிக்க ஆரம்பிச்சிடுச்சு. அஞ்சு எழுத்து, இடைவெளி, அஞ்சு எழுத்து. யுத்த காலத்துல ரகசியச் செய்தியை அப்படித்தான் அஞ்சஞ்சு எழுத்தா அனுப்புவாங்க. ஆன்ட்டி கை ரெண்டும் என் கையில இருக்கு சார், அதை மறந்துடாதீங்க.

"ஹென்க்"னாங்க. குழறல்தான், ஆனா அது புரிஞ்சுது. "நிறுத்தச் சொல்லு. வண்டி வருது. அவன்கிட்ட சொல்லு!"

"ஆன்ட்டி, அங்க யாரும் இல்ல."

"சொல்லு! என் கை வரலையே!"

அந்தக் குரலை நான் என்னன்னு சொல்ல. ஐம்பது வருஷமா தொண்டையில நின்னது அது. ஒரு ஸ்பூனை எடுத்துப் பைப்புல தட்டினேன். நிறுத்து. வண்டி வருது. ஓடு. மூணு தடவை தட்டினேன், வெட்கமெல்லாம் போச்சு, கெஞ்சற மாதிரி தட்டினேன்.

சத்தம் நின்னுடுச்சு. ஆன்ட்டி கண்ணை மூடினாங்க. முகம் லேசாயிடுச்சு. அதே நேரம் வெளிய ஆம்புலன்ஸ் சத்தம், கதவைத் திறந்து உள்ள வந்துட்டாங்க. ஸ்ட்ரெச்சர்ல தூக்கும்போதே ஆன்ட்டி போயிட்டாங்க.

இதை என் வொய்ஃப்கிட்ட சொல்லியிருக்கேன். ஒண்ணை மட்டும் அவகிட்டகூட சொல்லல. கதவு திறக்கறதுக்கு முன்னாடி பைப்புல அந்தப் பக்கமிருந்து இன்னொரு தடவை தட்டுற சத்தம் வந்தது. இந்தத் தடவை ரகசிய எழுத்து இல்ல, நேர் இங்கிலீஷ். 'யார் நீ? இது கோரி கை இல்லையே.'

ஒவ்வொருத்தர் தட்டறதும் கையெழுத்து மாதிரி சார், தெரிஞ்சவனுக்குக் கேட்டவுடனே தெரியும். புதுக் கை தட்டினா எதிரி விரிக்கிற வலைன்னுதான் ஹென்க் நினைப்பான், ஓட மாட்டான்.

ஸ்பூன் என் கையிலதான் இருந்துச்சு. நான் பதில் சொல்லல.