மூன்றாம் மாடியில் ஆள், வண்டலூர் சாலையில் மான்

“சார், அவரு கதவைத் தொறந்துட்டாரு சார்!” என்று செக்யூரிட்டி போனில் அலறியபோது, நானும் ஜோசப்பும் வண்டலூரைத் தாண்டி, காட்டு ஓரமாக கேளம்பாக்கம் சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்தோம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். முடிச்சூர்க்காரன். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். ஜோசப் மாடம்பாக்கம், நைட் டியூட்டியில் என் ஜோடி. வண்டி என்னுடையது, ஓட்டுவது நான். அவன் பின்னால் டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பிடித்திருப்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அவனுக்கு ஊர்ப்பட்ட வாய். காட்டு ஓரம் வந்ததும் ஜில்லென்று ஒரு காற்று அடிக்கும். உடனே பாட ஆரம்பித்துவிடுவான். சகிக்காது. இப்போது மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டான். அந்தப் பாட்டைக் கேட்க ஆள் இல்லாமல் எனக்குத்தான் பொழுது போகவில்லை.

அன்றைக்குக் கால் வந்தது சிறுசேரியில் ஒரு புது அபார்ட்மென்டிலிருந்து. பாதி வீட்டுக்கு இன்னும் ஆளே குடி வரவில்லை. வேலை முடிந்து வந்த ஐ.டி. பையன் ஒருவன் தனியாக ஏறியிருக்கிறான். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே போன் சிக்னல் இல்லை, இன்டர்காம் மட்டும்தான். செக்யூரிட்டி தன் போனை ஸ்பீக்கரில் போட்டு இன்டர்காமோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

லிஃப்ட் அறுந்து விழும் என்றுதான் எல்லோருக்கும் பயம். என் சர்வீஸில் ஒன்றுகூட அறுந்து விழுந்து நான் பார்த்ததில்லை. ஆளைக் காவு வாங்குவது கதவைத் திறந்து குதிப்பதுதான். கேபின் பாதியில் நிற்கும்போது கீழ்த் தளம் கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். ஆனால் கேபினுக்கு அடியில் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். குதிக்கும்போது கால் வழுக்கினால் நேராக அடிக்குழிதான்.

“சார், நான் ஜோசப், லிஃப்ட் சர்வீஸ். கதவுகிட்ட இருக்காதீங்க சார். பின்னாடி போய் உக்காருங்க.”

“உக்கார்றதா? எனக்கு மூச்சு முட்டுது. தரை தெரியுது, நான் குதிக்கப் போறேன்.”

“ஐயோ வேணாம் சார்! நடுவுல ஓட்டை கீது. இதோ வந்துகினே இருக்கோம்!”

ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். சட்டென்று ஹெட்லைட்டில் இரண்டு கண்கள் மின்னின. பிரேக்கை அழுத்தினேன். ஒரு பெண் மான் முன்சக்கரத்துக்கு முன்னால் தாவி அந்தப் பக்கம் போனது. அப்பாடா என்று கியரைப் போட்டேன். ஜோசப் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான்.

“நில்லு பாய்! ஒண்ணு வந்தா பின்னாலயே கும்பல் வரும்.”

வந்தது. ஒன்று நடு ரோட்டில் ஹைபீமைப் பார்த்துக் கல்லாக நின்றுவிட்டது. ஹாரன் அடித்தேன். அது இன்னும் விறைத்துக்கொண்டது.

“ஹாரன் அடிக்காத. லைட்டு கண்ணைக் கூசுது அதுக்கு. ஆஃப் பண்ணு!”

எஞ்சினை அணைத்தேன், லைட்டும் போனது. அரை நிலா வெளிச்சத்தில் அதுவாக நகர ஆரம்பித்தது.

“என்ன, சத்தத்தையே காணோம்? எங்க இருக்கீங்க?” போனில் அந்தப் பையன்.

“மான் சார். ரோட்டுல மான் போவுது. நின்னுகினு இருக்கோம்.”

“என்ன விளையாடறீங்களா? பஞ்சர்னு சொல்லுவீங்க, டிராஃபிக்னு சொல்லுவீங்க, இப்ப மானா? ரெண்டு பேர் வேலையையும் காலி பண்றேன் பாருங்க!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “குடுடா போனை” என்றேன். ஜோசப் தரவில்லை.

“சத்தியமா சார். புள்ளி மான். இதோ ஒண்ணு வால ஆட்டிகினு எங்களையே மொறைக்குது. பின்னால கொம்பு வெச்சவரு வராரு, நல்ல கம்பீரம்...” கிரிக்கெட் வர்ணனை மாதிரி அடுக்கிக்கொண்டே போனான்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. குதித்துவிட்டானோ? அல்லாவே, யார் பெற்ற பிள்ளையோ என்று இருந்தது. அப்புறம் மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

“குட்டி இருக்கா?”

“கீது சார். ஒரே ஒரு குட்டி. நடு ரோட்டுல நின்னு போலாமா வேணாமான்னு யோசிக்குது.”

“ஓரமா பூந்து போயிடலாம்டா” என்று கிசுகிசுத்தேன். அது போனில் கேட்டுவிட்டது.

“வேணாம்ணா. அது போகட்டும். நான் பின்னாடி போய் உக்கார்றேன்.”

குட்டி போனது. நாங்களும் போனோம்.

மெஷின் ரூமுக்கு ஓடி பவரை ஆஃப் செய்து, கையால் பிரேக்கை ரிலீஸ் பண்ணி, சக்கரத்தைச் சுற்றி கேபினை மூன்றாம் மாடி லெவலுக்கு இறக்கினேன். கீழே வந்து பார்த்தால், பையன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ்.

“இன்னொரு ஷூ எங்க தம்பி?”

கீழே கையைக் காட்டினான். ஜோசப் டார்ச் அடித்துப் பார்த்தான். அடிக்குழியில் கிடந்தது.

“காலைத் தொங்கப் போட்டுட்டேண்ணா. கழண்டு விழுந்துச்சு. அப்பவும் குதிச்சிடலாம்னுதான் இருந்தேன். அப்ப இவர் மான்னு சொன்னார். புளுகறாரேன்னு ஆத்திரம் வந்து, நல்லா திட்டலாம்னு எழுந்து இன்டர்காம்கிட்ட போனேன்.”

சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

இப்போது நைட் கால் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். மான் வந்தால் நில்லுங்கள். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், கடைசி மான் போகிறவரை பொறுங்கள். காத்திருக்கும் கஸ்டமரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவன் திட்டுவான், வாங்கிக்கொள்ளுங்கள். திட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவன் குதிக்கவில்லை என்று அர்த்தம்.