ஷலாஷ் குடிக்காத காப்பி

என் கணவர் ஷலாஷை எங்கள் கூட்டத்தில் தெரியாதவர் இல்லை. ஷேக் மிஸ்லத்தின் கூடாரத்தில் காப்பி வறுத்து, இடித்து, ஊற்றுகிறவர் அவர்தான். பித்தளை உரலில் அவர் இடிக்கிற தாளம் கேட்டு ஒட்டகங்கள்கூட அசைபோடுவதை நிறுத்திவிடும் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். இடிக்கும்போதே அவருக்குக் கண் செருகிவிடும். உலக்கை மட்டும் தானாக ஏறி இறங்கும்.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்பேன்.

"கிணத்தடிக்கு, வஸ்மா உம்மா. தண்ணி மேல வந்திருக்கு. உன் மக காலை நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

வஸ்மா எங்கள் ஒரே மகள். காய்ச்சலில் போய்விட்டாள். இலந்தைக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் அவளைப் புதைத்தோம். கோடைக்குக் கூட்டம் அங்கே இறங்கும். அவள் பக்கத்தில் இருந்துவிட்டு வருவோம். துருக்கிக்காரர்கள் அங்கே காவல் கோட்டை கட்டி எங்களை விரட்டிய பிறகு, கனவில் போனால்தான் உண்டு. எனக்கு அந்தக் கனவும் வருவதில்லை. அவர்மேல் எனக்கு அதில்தான் பொறாமை.

துருக்கிக்காரர்களோடு வெள்ளைக்காரர்களுக்குப் போர் நடந்த குளிர்காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கேப்டனும் ஓர் ஆங்கிலேய அதிகாரியும் டமாஸ்கஸ்காரத் துபாஷி ஒருவனோடு வந்தார்கள். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷலாஷ் ஊற்றிக் கொடுத்தார். கேப்டன் கிண்ணத்தை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் விரிப்பின்மேல் வைத்துவிட்டான். வழியெல்லாம் அவனுக்கு வயிற்றுப்போக்காம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களிடம் விருந்தாளி காப்பியைத் தொடாமல் வைத்தால், அவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று அர்த்தம். தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறவரை குடிக்கமாட்டான். குடிக்காமலே எழுந்து போனால் அந்த வீட்டுக்குத் தலைகுனிவு.

எல்லார் கண்ணும் ஷேக் பக்கம் திரும்பியது.

"குடிங்க," என்றார் ஷேக். "நீங்க கேக்கிறது கிடைச்ச மாதிரிதான்."

துபாஷி கெட்டிக்காரன். கேப்டனின் காதில் என்னவோ ஓதினான். பிறகு நிமிர்ந்து, "உங்க ஆளுங்க எங்ககூடச் சேர்ந்து துருக்கிக்காரனோட சண்டை போடணுமாம்" என்றான்.

சொன்ன சொல் சொன்னதுதான். "ஆளு தர்றேன்," என்றார் ஷேக். "எங்க இலந்தைக் கிணறு எங்களுக்குத் திரும்பி வரணும்."

கேப்டன் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினான். ஆங்கிலேயனும் ஆட்டினான். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான்.

படையோடு ஷலாஷும் காப்பிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கேப்டன் அவர்களோடேயே தங்கி எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டான். வயிற்றுக்கதை அங்கேதான் வெளியே வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருநாள் சாயங்காலம் அவனே கிண்ணத்தை என் கணவருக்கு முன்னால் வைத்துவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டானாம்.

"குடிங்க துரை. என்ன வேணும்?"

"இன்னும் ஒரு கை பேரீச்சம்பழம்."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் ஷலாஷ். துருக்கிக்காரர்களை விரட்டிக் கிணற்றைப் பிடித்த அன்று மகளின் தலைமாட்டுக் கல்லை நேராக நிறுத்திவிட்டு வந்திருந்தார். "வர்ற கோடைக்கு நீயும் வந்துடலாம்," என்றார். நான் கனவு காணாமலே விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.

கோடை வந்தது. அதற்குள் கூட்டாளி நாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் எங்கேயோ உட்கார்ந்து பாலைவனத்தில் கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எங்கள் கூடாரங்கள் ஆங்கிலேயன் பக்கம், கிணறு பிரெஞ்சுக்காரன் பக்கம். துருக்கிக்காரன் கட்டிய அதே கோட்டையில் கேப்டனின் சிப்பாய்கள் நின்று எங்கள் ஒட்டகங்களைத் திருப்பி ஓட்டினார்கள்.

கேப்டன் இப்போது டமாஸ்கஸில் பெரிய அதிகாரி. ஷேக் அவனைப் பார்க்கப் புறப்பட்டார். ஷலாஷைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாராம். வாழ்நாளெல்லாம் ஊற்றிக் கொடுத்த மனிதர், அன்றுதான் விருந்தாளி.

அவர் திரும்பி வந்ததும் ஒட்டகத்தைவிட்டு இறங்குவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னான்?"

"கட்டிப்பிடிச்சான். காப்பி வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கீழ வெச்சோம்."

"அப்புறம்?"

"பார்த்தான். வேலைக்காரனைக் கூப்பிட்டு, ஆறிப்போச்சு, வேற சூடா கொண்டான்னான்."

"மறந்திருப்பான்," என்றேன். அவனுக்காக நானே சமாதானம் தேடினேன், என்ன புத்தியோ.

"மறக்கல, வஸ்மா உம்மா. அவன் முகம் செவந்துபோச்சு. எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டான். நாங்க வெளிய வர்றவரைக்கும் திரும்பவே இல்ல." ஒட்டகத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "ஒண்ணும் தெரியாதப்ப வாங்கிக்கிட்டான். தெரிஞ்சப்புறம் குடுக்கல."

"நீங்க அந்தக் காப்பியைக் குடிச்சீங்களா?"

"இல்ல. அங்கதான் இருக்கு."

இப்போதும் தினமும் இடிக்கிறார், ஊற்றுகிறார். கண் செருகும், ஆனால் கிணற்றடிக்குப் போனதாகச் சொல்வதில்லை. ஒரு மேஜையாம், அதன்மேல் ஆவி அடங்காத கிண்ணமாம், எதிரே யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானாம். அதற்குப் பிறகு அவர் காப்பியை வாயில் வைக்கவே இல்லை. புதிதாக வருகிறவர்கள் வயிறு சரியில்லையா என்று கேட்பார்கள்.

"வயித்துக்கு ஒண்ணுமில்ல," என்பார். "ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். அவர் இன்னும் குடிக்கச் சொல்லல."