ஆமாம் என்று அழுத்திய வெள்ளிக்கிழமை

குன்றக்குடி தாண்டித் திருப்பத்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஏறினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். நடந்தால் கால் வலிக்கும், அது பரவாயில்லை. காரைக்குடி கம்ப்யூட்டர் சென்டரை விட்டு அன்று மாலைதான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஒன்பதாவது ஃபெயில். திருப்பூரில் பனியன் மடித்து, பம்பாயில் கேண்டீனில் தட்டு கழுவி, கடைசியில் அந்தக் கடைக்கு வந்தவன். ஷட்டர் திறப்பதிலிருந்து டைப் அடிப்பது வரை நான்தான். எனக்குப் பிறகு வந்தவன் அமராவதிபுதூர்க்காரன், பாலிடெக்னிக் படித்தவன், என் வயசுதான். அவன் பேண்ட்டில் இஸ்திரி மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. அதைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

கடையில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தோம். நாங்கள் வைத்திருந்த வகைக்குப் பதிப்பு எண் எதுவும் கிடையாது. தினமும் ஏதாவது ஒரு பகுதி புதிதாக வரும், இறக்கி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். பிரவுசரில் பாட்டு, பேச்சு கேட்க மட்டும் பிளக்-இன் என்று ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். அது லேசில் மசியாது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் மகள் சிங்கப்பூரில் இணைய வானொலியில் செய்தி வாசித்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று வாத்தியார் கேட்டிருந்தார். முதலாளியை நாங்கள் பாய் என்போம். அவர் சொல்லிவிட்டார்: "யாரு சத்தத்தை வரவைக்கிறீகளோ, அவுககிட்டதான் கடைச் சாவி."

வியாழக்கிழமை அந்தப் பாலிடெக்னிக்காரன் சத்தத்தை வரவைத்துவிட்டான். கரகரப்பாக இருந்தாலும் பேச்சு கேட்டது. பாய் அவன் தோளில் தட்டினார். என் தோளில் அவர் தட்டியதே இல்லை.

வெள்ளி மதியம் பாய் தொழுகைக்குப் போனார், அவன் சாப்பிடப் போனான். நான் அந்த மெஷினில் உட்கார்ந்தேன். சத்தத்துக்கான புரோகிராமைப் புதுசாக ஏற்றினால் கரகரப்பு போகும், பெயர் எனக்கு வரும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்று எனக்கே தெரியும். "இதற்கு அடியில் இருக்கும் லைப்ரரியையும் மாற்றட்டுமா?" என்று மெஷின் கேட்டது. லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பொதுவாக நம்பியிருக்கும் கோப்பு. ஆமாம் என்று அழுத்தினேன். எல்லாம் ஏறி முடிந்ததும் பிரவுசரில் பிளே பட்டனைத் தட்டிப் பார்த்தேன். திரையிலிருந்து பிரவுசர் ஜன்னலே காணாமல் போனது. பிளக்-இன் பழைய லைப்ரரிக்கென்று செய்தது, புதியதோடு ஒத்துப்போகவில்லை. எழுந்து போய் முகம் கழுவினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை வாத்தியார் மனைவியோடு வந்தார். அவன் தட்டினான், ஜன்னல் மறைந்தது.

"என்னப்பா, ஊமையாயிருச்சா? அம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருக்காக," என்றார் பாய்.

"காலையிலயே கட்டிட்டா," என்றார் வாத்தியார். அந்த அம்மா சிரிக்கவில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்.

அவன் என்னென்ன எப்போது மாறியது என்ற பட்டியலைத் திறந்தான். வெள்ளி, மதியம் ஒன்றேகால். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இப்போது சொல்வான் என்று நின்றேன். சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்தான். எதை மாற்றுவதற்கு முன்னாலும் பழையதை ஒரு பிரதி எடுத்துவைப்பது அவன் வழக்கம். பழைய லைப்ரரியைத் தனி ஃபோல்டரில் போட்டு, பிரவுசர் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும்படி செய்தான். நாலு பத்துக்கு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அம்மா ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டார்.

சாவி அவனிடம் போனது. வாசலில் வந்து, "அண்ணே, நானும் ஒருக்கா இப்படித்தான் ஆமான்னு அழுத்திட்டேன். விடுங்க," என்றான். காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். அந்த 'விடுங்க'வைத்தான் தாங்க முடியவில்லை.

திருப்பத்தூர் வரை நடந்தேன், அங்கே ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. மறுநாள் காலை சிங்கம்புணரி டீக்கடையில் மைக்செட்காரர் ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். காதுகுத்து வீடு, வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும்.

"மரம் ஏறுவீகளா? ஒயர் வேலை தெரியுமா?"

"மரம் ஏறுவேன். ஒயரை நீங்களே பாத்துக்கங்க," என்றேன்.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.