நாலாம் நம்பர் தோட்டா

என் கணவரைக் குத்திய பன்றியை நானே சுட்டேன். கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் "பயமா இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அவரைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் மூடிக் கொண்டுவந்த அன்றைக்கே என் பயமெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது கோபம் ஒன்றுதான்.

ஸ்பிரிங்வெளியிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறுகிற பாதைக்குக் கீழே எங்கள் காணி. மேலே தேயிலை, கீழே புதர் மண்டிய ஓடை. நடுவில் போஞ்சி, லீக்ஸ், ஓரமாக மரவள்ளி. என் மாமனார் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. பயிர்க் காவலுக்கென்று அவர் அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருந்த இரட்டைக் குழல் துவக்கும் காணியோடு சேர்ந்து என் கணவருக்கு வந்தது.

அந்தத் துவக்கின் இரண்டு குழலும் ஒன்று போலச் சுடாது. வலது குழலின் வாய் கொஞ்சம் தாராளம். இடது குழல் வாய்ப்பக்கம் உள்ளுக்குள் இறுகியிருக்கும். அந்த இறுக்கத்தைச் சோக் என்பார்கள். இறுக்கம் கூடினால் குண்டுகள் கூட்டமாகத் தூரம் போகும். குறைந்தால் சீக்கிரம் விரிந்துவிடும். தோட்டாவிலும் வகை உண்டு. பன்றிக்கு எஸ்.ஜி., உள்ளே கொண்டைக்கடலை பருமனில் சில ஈயக் குண்டுகள் இருக்கும். நாலாம் நம்பர் காடை, காட்டுக்கோழிக்கு. உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள், கைநிறைய. இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் போஞ்சி உரித்துக்கொண்டே 'ம்' கொட்டியிருக்கிறேன். காதில் விழுந்தது எதுவும் வீண் போகவில்லை.

அன்று விடியற்காலை மரவள்ளிப் பாத்தியில் பன்றி நிற்கிறது என்று துவக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல். அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் வரப்பில் சாய்ந்து கிடந்தார், தொடை இடுப்பு வரைக்கும் கிழிந்து. பன்றி ஓடைக்குள் இறங்கிவிட்டிருந்தது. மேலே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து ஆட்கள் வந்து கொழுந்துச் சாக்கில் வைத்துத் தூக்கிப் பாதைக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நினைவு வரும்போதெல்லாம் ஒன்றையே கேட்டார்.

"நேரா நெஞ்சைப் பார்த்துத்தான் சுட்டேன். கிட்டத்துலதான் நின்னுச்சு. ஏன் விழல?"

"பேசாம படுங்க."

"இல்ல, ஏன் விழல?"

காய்ச்சல் ஏறி, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

சாவு வீட்டில் அவருடைய சித்தப்பா மகன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னான். டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். இரவல் துவக்கில் வேட்டைக்குப் போவதும் உண்டு. ஊரில் அவனுக்கு வேட்டைக்காரன் என்று பெயர். "அண்ணனுக்குத் துவக்குப் பிடிக்கவே தெரியாது. எத்தனை தடவ சொல்லிக் குடுத்திருப்பேன்" என்றான். உள்ளே கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கேட்டவர்கள் "ஆமாங்க" என்று தலையாட்டினார்கள்.

விசாரணை முடிந்து பொலிசில் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தபோது, சுட்ட தோட்டாவின் வெறும் கூடுகள் இரண்டையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சிவப்புக் கூட்டின் பக்கவாட்டில் தேய்ந்துபோய் '4' என்று இருந்தது. மற்றதிலும் அதே நாலு. என் கணவர் எஸ்.ஜி. தவிர வேறு தோட்டா வாங்கியதே இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பன்றி குத்தியதற்கு முந்தின வாரம் அந்த வேட்டைக்காரத் தம்பி வந்திருந்தான். "அண்ணே, எஸ்.ஜி. கொஞ்சம் வேணும், ரெண்டு நாள்ல திருப்பி வச்சிடுறேன்" என்றான். இவர் கையெல்லாம் எருவாக நின்றதால், "அலமாரியில இருக்கு, எடுத்துக்க" என்றார். சொன்னபடி அவன் திருப்பி வைத்தான். அதே பெட்டி, அதே சிவப்பு நிறம். விடியாத இருட்டில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் இவர்.

நேரே டவுனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

"தம்பி, நீங்க திருப்பி வச்சது நாலாம் நம்பரா?"

எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான்.

"இருந்ததை வச்சேன் அண்ணி. கிட்டத்துல சுட்டா எல்லாம் ஒண்ணுதான். அண்ணன் குறி தப்பிட்டாரு, அதுக்கு யாரு என்ன செய்யிறது?"

பொலிசுக்குப் போகலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அனுமதிப்பத்திரக்காரர் தன் தோட்டாவை இன்னொருவருக்குக் கொடுப்பதே குற்றம். செத்தவர்மேல் பழி விழும், துவக்கும் போய்விடும். எனக்கு அந்தத் துவக்கு வேண்டியிருந்தது.

அனுமதிப்பத்திரத்தை என் பெயருக்கு மாற்ற கிராம சேவகர், பொலிஸ், மாவட்ட அரசாங்கக் கச்சேரி என்று மாதக்கணக்கில் நடந்தேன். கச்சேரியில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆம்பிளப் பிள்ளை இல்லையா?" என்றார்.

"மகள் ஒருத்திதான், கொழும்புல வேலை செய்யிறா. சுடப் போறது நான்தான் சேர்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தோட்டாவும் நினைத்த அளவுக்குக் கிடைக்காது. ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உண்டு. அதனால் ஒவ்வொரு வெடியையும் யோசித்துத்தான் வெடித்தேன். சவர்க்காரப் பெட்டி அட்டைகளை விரித்து, சோற்றுச் சட்டி மூடியை வைத்துக் கரியால் வட்டம் போட்டேன். பன்றியின் நெஞ்சு ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். அட்டையை ஓடைக் கரையின் மண் திட்டில் சாத்தி, காவலுக்குக் கட்டியிருந்த பரணிலிருந்து மரவள்ளிப் பாத்தி எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி நின்று சுட்டேன். முதல் வெடியில் தோள்பட்டை கன்றிப் போய், இரண்டு நாள் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை.

முதலில், அவன் வைத்த பெட்டியில் மிச்சமிருந்த நாலாம் நம்பரைச் சுட்டுப் பார்த்தேன். அட்டையில் அம்மை போட்டது போல நிறையப் புள்ளிகள் விழுந்தன. ஆனால் அட்டைக்குப் பின்னால் வைத்திருந்த பலகையில் ஒரு குண்டுகூட ஆழமாகப் போகவில்லை. நகத்தால் நெம்பி எடுக்க முடிந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். இதை வைத்துக்கொண்டுதான் அவர் ஒரு கொம்பன் பன்றிக்கு எதிரே நின்றிருக்கிறார்.

பிறகு எஸ்.ஜி. இறுக்கமான இடது குழல்தான் நன்றாகச் சுடும் என்று நினைத்திருந்தேன். அதில் போட்டால் குண்டுகள் வட்டத்தின் ஓரங்களுக்குச் சிதறி, நடுவில் ஒரு பன்றி நுழைந்து போகிற அளவுக்கு வெறுமையாக விட்டன. பெரிய குண்டுகள் அந்த இறுக்கத்தில் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன போல. வலது குழலில் போட்டேன். பெரும்பாலும் எல்லாமே மூடி வட்டத்துக்குள் விழுந்தன, பலகையும் பிளந்தது. இடது குழலுக்கு, எஸ்.ஜி.யைவிட ஒரு படி சின்னக் குண்டு உள்ள தோட்டாவை டவுனில் வாங்கி வந்து சுட்டேன். அது பொருந்தியது. அன்று சாயங்காலம் எனக்கு நன்றாகப் பசித்தது. அவர் போனபிறகு முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பன்றி திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். மரவள்ளியை விட்டுப் போகாது. ஆட்கள் பார்த்தும் இருந்தார்கள். முன்னங்கால் ஒன்றை இழுத்து நடக்கிறது, தோளில் மயிர் உதிர்ந்து தழும்பாக இருக்கிறது என்றார்கள். வெயில் தாழ்ந்ததும் தினமும் பரணில் போய் உட்கார்ந்தேன். மழை பெய்தாலும் இறங்கவில்லை. அட்டைப்பூச்சி கடித்துக் காலில் இரத்தம் வழிந்தாலும் அசையவில்லை.

ஒரு மாலை, மலையில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே ஓடைப் புதர் அசைந்தது. காலை இழுத்துக்கொண்டு வந்தது. அதேதான். பாத்தியில் மூக்கை விட்டுக் கிளறத் தொடங்கி, பக்கவாட்டில் திரும்பும் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். வலது குழலை வெடித்தேன். மடங்கி விழுந்தது, உறுமிக்கொண்டே எழுந்தது. இடது குழலையும் வெடித்தேன். அதோடு அடங்கியது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தேன், பொங்கவில்லை. இது என்ன செய்தது? வயிற்றுக்குக் கிழங்கு தோண்டியது. சுட்டு நோகவைத்தவன்மேல் பாய்ந்தது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் நின்றபடியே, என் கோபம் பன்றியை விட்டு இறங்கி, போகவேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்ததை உணர்ந்தேன்.

மறுநாள் காலையில் லயத்து ஆட்கள் வந்து பன்றியை வாட்டி அறுத்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு என்று சொல்லியிருந்தேன். செய்தி டவுனுக்கும் போய், அவனும் கையில் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"பரவாயில்லையே அண்ணி! அண்ணனே செய்யாததைச் செஞ்சிட்டீங்க" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி.

நான் அறுத்துக்கொண்டிருந்தவரிடம் சொல்லி, தழும்பு இருந்த பக்கத்துத் தோளை எடுத்துவரச் செய்தேன். தோலுக்கு அடியில், கொழுப்பில், கறுப்புக் கறுப்பாகச் சின்னக் குண்டுகள் பதிந்திருந்தன. கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"கையை நீட்டு" என்றேன். அவனை 'நீ' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

நீட்டினான். குண்டுகளை அவன் உள்ளங்கையில் போட்டேன்.

"இது உன் அண்ணன் சுட்டது. நெஞ்சுக்குப் பக்கத்துலதான் பட்டிருக்கு, குறி தப்பல. தோலைத் தாண்டிப் போகல, அவ்வளவுதான். எஸ்.ஜி.யை எடுத்துக்கிட்டு நாலாம் நம்பரை வச்சது யாரு? எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னியே, இப்ப இவங்க முன்னால சொல்லு."

"தெரியாம..." என்றான்.

"தெரியாதவனா? ஊருக்கே வேட்டைக்காரன் நீ. சாவு வீட்ல உக்காந்து அவருக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாதுன்னு சொன்னவன் நீ."

அன்று அவரைச் சாக்கில் தூக்கிச் சுமந்த பெரியவர் ஒருவர் காறித் தரையில் துப்பினார். அவன் வெறும் பையோடு போனான்.

எனக்கு அப்போதுதான் பொங்கியது. மறைக்க என்ன இருக்கிறது, தித்திப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு அவனை யாரும் வேட்டைக்குக் கூப்பிடவில்லை, துவக்கு இரவல் கொடுக்கவுமில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் வேறு ஆட்டோவுக்குத்தான் போன் போடுகிறார்கள். அவன் மனைவி ஒருநாள் வந்து அழுதாள். "மன்னிச்சிடுங்கக்கா, ராவெல்லாம் தூங்குறதில்ல அவரு" என்றாள். அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. "தூங்காம இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

என் கணவருடைய திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் அவன் வருகிறான். படலைக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வாழைப்பழச் சீப்போடு நிற்பான். எதிரி வந்தாலும் வாசலில் வைத்து 'வாங்க' என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். மகள்கூட, "போதும்மா, சொல்லிடுங்க" என்கிறாள். படையல் முடியும் வரைக்கும் அவன் நிற்பது சமையலறை ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியும். நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.