செம்பாக்கம் வேகத்தடையும் மூக்கைத் தூக்கும் காரும்

ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை என்று சொன்னால் கல்யாண வீடுகளில் எனக்குத் தனி மரியாதை. பக்கத்து இலைக்காரர் பாயசத்தை நிறுத்திவிட்டு, "எவ்ளோ ஸ்பீடு சார் போவும்?" என்று கேட்பார். நான் பார்க்கும் வேலை, அந்தக் கார் மெதுவாகப் போகும்போது என்ன ஆகும் என்பது. அதைச் சொன்னதும் அவர் பாயசத்துக்கே திரும்பிவிடுவார்.

அந்தக் காரின் வயிறு தரையை ஒட்டி இருக்கும். (என் வயிறும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.) வேகத்தடை வந்தால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். காரின் முன்பக்கம் மூக்கைத் தூக்குவதுபோல் எழும்பும், தாண்டியதும் இறங்கும். பெருங்களத்தூர் பக்கமுள்ள எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து இதற்கு ஞாபகசக்தி கொடுத்தோம். ஓர் இடத்தில் ஒருமுறை மூக்கைத் தூக்கினால், மறுமுறை அதே இடத்தில் கார் தானாகவே தூக்கிக்கொள்ளும்.

இதைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் மேலதிகாரி அம்மா வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் வேலை எங்களிடமே இருக்கும். பிடிக்காவிட்டால் அது கடல் தாண்டிப் போய்விடும், நாங்கள் பழையபடி கதவுக் கீல் வரைய வேண்டியதுதான்.

"நிஜமான ரோட்டில் காட்டுவோம்" என்று வீரமாகச் சொன்னவன் நான். நிஜமான ரோடு என்று நான் தேர்ந்தெடுத்தது செம்பாக்கத்தில் என் வீடு இருக்கும் தெருவை. எங்கள் வேகத்தடையை அரசாங்கம் போடவில்லை. தெருச் சங்கத்தின் செயலாளர் போட்டார். அவர் குடும்பம் ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் விளைவித்தது. இப்போது சிமென்ட், ஜல்லி விற்கிறது. தாராள மனசுக்காரர். வேகத்தடையும் அப்படியே தாராளமாக இருந்தது. ஸ்கூட்டரில் போய்வரும் என் இடுப்புக்குத்தான் அதன் உயரம் துல்லியமாகத் தெரியும்.

அதிகாரி வருவதற்கு முந்தைய வாரம் காரைக் கொண்டுவந்து அந்த இடத்தைப் பழக்கினோம். உருவம் வெளியே தெரியக்கூடாது என்று மேலெல்லாம் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர். செயலாளர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், வரிக்குதிர மாரி கீது?"

"டெஸ்ட் வண்டிண்ணா. ஸ்பீட் பிரேக்கர்ல அடிபடாம போவுதான்னு பாக்கறோம். வெள்ளிக்கெழம வெளிநாட்டு மேடம் வராங்க. அன்னிக்கு அடிபட்டுச்சு, நம்ம வேல காலி."

"நீ கவலப்படாத சார். நான் பாத்துக்கறேன்."

தண்ணி லாரி எதுவும் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியே ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில். ஏரிக்கரையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். சரியான இடத்தில் கார் மூக்கைத் தூக்கியது. மனசு குளிர்ந்தது. முன்னால் பார்த்தேன். வேகத்தடை இல்லை. ரோடு சமமாக இருந்தது. ஓரத்தில் செயலாளர் வெள்ளைச் சட்டையில் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி வணக்கம் வெக்குது பாருங்கடா!"

கார் மூக்கை இறக்கியது. என் வீட்டையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது. அங்கே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், சிமென்ட் நிறம்கூட மாறாத புது வேகத்தடை. பட்டனைத் தேடுவதற்குள் கர்ர்ர்ரக். காரின் முன்பக்கத்து அடிவிளிம்பு உரசிய சத்தம் கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோலவே எனக்குக் கேட்டது.

அதிகாரி துள்ளி இறங்கினார். என்னைச் செயலாளர் கைகொடுத்து வெளியே இழுத்தார்.

"அண்ணா, இங்க இருந்தத என்னண்ணா பண்ணீங்க?"

"ஒடச்சிட்டேன் சார். அடிபட்டா வேல பூடும்னு நீதான சொன்ன? பேஜாரா பூட்ச்சு எனுக்கு."

"அப்ப இது?"

"பசங்க சைக்கிள்ல பறக்குதுங்கோ. ஒண்ணும் இல்லாம வுட முடியுமா? அதான் தள்ளி வெச்சுகினேன். உன் வூடு முன்னாலயே கீது. அத்த தாண்டி வண்டி ஏன் வரப்போவுதுன்னு நெனச்சேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். கொஞ்சம் மறைக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் அந்தக் 'கர்ர்ரக்'குக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவர் முழங்காலிட்டு உரசிய இடத்தைத் தடவிப் பார்த்தார். இங்கே வேகத்தடைகள் அடிக்கடி இடம் மாறுமா என்று கேட்டார். கேள்வியைச் செயலாளரிடம் தள்ளினேன்.

"பின்ன? வூடு கட்னா மீந்த கலவைல ஒண்ணு வரும். புது ரோடு போட்டா பூடும். தேர் வந்தா ஒடப்போம், போனதும் வெப்போம். சாமி தேருக்கே எடுக்கறோம், சார் வண்டிக்கு எடுக்க மாட்டமா?"

இதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். எங்கள் சோதனைத் தளத்தில் வேகத்தடை போட்ட இடத்திலேயே கிடக்கிறது, அங்கே இந்தக் குறை யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். ஞாபகம் மட்டும் போதாது, காருக்குக் கேமரா வைத்து ரோட்டைப் பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வேலையை நீங்களே, இங்கேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு என் மனைவி போட்ட காபியைக் குடித்தார்.

அவர் போனதும் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பள்ளிக்கூட டீச்சர், மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது.

"ஆக மொத்தம் உங்க வேலைய காப்பாத்தினது செயலாளர்தான்."

"ஆமா."

"அவர ஆபீசுக்கு அனுப்பிட்டு நீங்க சிமென்ட் கடைல உக்காருங்க."

கேமரா வைத்த கார் இப்போது அடிக்கடி எங்கள் தெருவுக்கு வருகிறது. வருவதற்கு முன்னால் செயலாளர் கேட்டைத் தட்டுவார்.

"சார், இந்த தபா எங்க வெக்கட்டும்?"

"எங்கிட்ட சொல்லாதீங்கண்ணா. வண்டியே கண்டுபிடிக்கணும்."

அவரும் ராணுவ ரகசியம்போல் காப்பாற்றுகிறார். கார் வருவதோ காலையில். முந்தின நாள் சாயங்காலமே ஸ்கூட்டரில் வீடு திரும்பும் நான், இதுவரை ஒவ்வொரு தடவையும் காருக்கு முன்னால் இடுப்பால் கண்டுபிடித்துவிடுகிறேன்.